காணாமல் போன ஆயிரம் பேர்

அத்தியாயம் 4

"ஆயிரம் பேரைக் காணோம்" என்றார் ராதாகிருஷ்ணன்.

மருது நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். "ஆயிரம் பேரா? கப்பலாண்ணே, ரயிலா?"

"வெப்சைட்டுப்பா."

மருது பழையபடி சாய்ந்துகொண்டான்.

விளக்குத்தூண் பக்கம் மயூரா சுங்குடி மாளிகை என்றால் எந்த ஆட்டோக்காரரும் வழி கேட்க மாட்டார். அதன் மாடியறையில்தான் இந்தப் பேச்சு. ராதாகிருஷ்ணன் கடையின் முதலாளி. ஐம்பத்தைந்து வயது, நெற்றியில் திருமண், விரல்களில் மோதிரம், பேச்சில் மூச்சுக்கு மூச்சு 'ஃபாரின்'. கடைவீதியில் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். யார் எங்கே புதுக்கடை திறந்தாலும் முதல் போணி அவர் கையால் நடக்க வேண்டும் என்று வந்து கூட்டிப்போவார்கள். அப்பேர்ப்பட்ட கையிலிருந்தே ஆயிரம் பேர் நழுவிவிட்டார்கள் என்றதும் மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. துப்பறியும் ராமக்காளுக்குப் போன் போட்டுவிட்டார்.

ராமக்காள் இருபது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். அடுத்தவர் பேச்சைக் கேட்பது பாவம் என்பார்கள். அவள் அதற்குச் சம்பளம் வாங்கினாள். விருப்ப ஓய்வு வாங்கியதும் மேலமாசி வீதியில் ஒரு துப்பறியும் நிலையம் திறந்தாள். கொலை, கொள்ளை என்று எதிர்பார்த்துத்தான் திறந்தாள். வருவதெல்லாம் 'மாப்பிள்ளை குடிப்பாரா' என்பதுதான். மருது அவளுடைய உதவியாளன். வயது முப்பது, வாய்க்கு மட்டும் அறுபது.

"விவரமாச் சொல்லுங்க" என்றாள் ராமக்காள்.

"மூணு வருஷமா எங்க வெப்சைட்டுக்கு நாளுக்கு ஆயிரம் பேருக்குக் கொறையாம வந்துக்கிட்டிருந்தாங்க. பக்கத்தோட உச்சியில ஒரு மீட்டர் இருந்துச்சு. ஆள் வர வர ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடும்."

"மதுர ஆட்டோவுல மீட்டர் ஓடுச்சா? அன்னைக்கே சந்தேகப்பட்டிருக்கணும்ணே" என்றான் மருது.

ராதாகிருஷ்ணன் அவனைப் பார்க்காமல் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு கரும்பலகை. 'இன்று நம் இணையதளத்திற்கு வருகை தந்தோர்' என்று பெயின்ட்டில் எழுதி, கீழே சாக்பீஸால் தினமும் எண்ணிக்கை போடுவது வழக்கம். கடைக்கு வருகிற மொத்த வியாபாரிகளை முதலில் அந்தப் பலகைக்கு முன்னால் நிறுத்திவிட்டுத்தான் சேலையைப் பிரிப்பார். இப்போது அதில் ஒன்றும் எழுதவில்லை.

"போன திங்கக்கிழமை இந்தப் பொண்ணு பழைய மீட்டரக் கழட்டிப் போட்டுட்டு ஏதோ புது அனலிடிக்ஸுன்னு மாட்டுச்சு. மறுநாள் எம்புட்டுப் பேருன்னு கேக்குறேன், நாப்பத்தொண்ணுங்குது. மேடம், எங்க கடை வாசல்ல செருப்பு தைக்கிறவருக்கே அதுக்கு மேல ஆள் வரும்."

'இந்தப் பொண்ணு' கதவோரம் நின்றாள். ஆஷிகா, இருபத்து நாலு வயது, காஜிமார் தெரு. கடையின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள்தான். அழுது முடித்துவிட்டு நிற்கிற முகம்.

"இவதான் சனத்தைத் திருப்பி விட்டுட்டா. எதுத்த ஜவுளிக்கடையில இவ சித்தப்பா மகன் ஷாகிர் வேலை பாக்குறான். என் கிட்ட வர்ற ஆளுகள அப்படியே அங்கிட்டு அனுப்பிட்டா. கடையில எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன், திருதிருன்னு முழிக்கிறா. புகார் எழுதிப் பையில வச்சிருக்கேன். நாலு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறேன். அதுக்குள்ள எப்படித் திருடுனான்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. யாருங்கிறத நானே கண்டுபிடிச்சிட்டேன்."

"பாதி வேலைய முடிச்சிட்டாரு. ஃபீஸையும் பாதியாக்கிருவாரு" என்று மருது முணுமுணுத்தான்.

ராமக்காள் ஆஷிகாவிடம் திரும்பினாள். "நீ என்னம்மா சொல்ற?"

"நான் யாரையும் திருப்பலக்கா. பழைய மீட்டர் எண்ண மட்டும்தான் எண்ணும். வந்தவுக எந்த ஊரு, எம்புட்டு நேரம் இருந்தாக, என்ன சேலை பாத்தாக, ஒண்ணும் சொல்லாது. புதுசு அதெல்லாம் சொல்லும். நல்லதுக்குத்தான்கா மாத்துனேன். ஸ்டேஷன்ல பேர் போச்சுன்னா இந்தக் கடைவீதியில சேலை மடிக்கக்கூட என்னைய நிறுத்த மாட்டாக. எங்க அத்தா நேத்தே சொல்லிட்டாக, படிச்சது போதும், வீட்டுல இருன்னு."

அவள் சொன்னதில் பொய் இல்லை. விளக்குத்தூண் கடைவீதியில் சேலையில் விழுந்த கறை போகும், பேரில் விழுந்தது போகாது. ராமக்காளுக்கு அந்தப் பெண்ணை நம்பத்தான் தோன்றியது. ஆனால் கட்சிக்காரர் என்னவோ ராதாகிருஷ்ணன்தான்.

"புதுசுல என்ன தெரியுது, காட்டு."

கம்ப்யூட்டரில் உலக வரைபடம் விரிந்தது. சிங்கப்பூரில் ஒரு புள்ளி, லண்டனுக்குப் பக்கத்தில் ஒன்று, கனடாவில் இரண்டு, ராஜ்கோட்டில் ஒன்று, கோயம்புத்தூரில் கொஞ்சம்.

"இவுக ஒவ்வொருத்தரும் ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம் இருந்திருக்காக. ஒவ்வொரு சேலையாத் தொறந்து பாத்திருக்காக" என்றாள் ஆஷிகா.

"மொத்த உலகத்துக்கும் இம்புட்டுக்காண்டு புள்ளி!" என்று ராதாகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

சுவரில் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு படம் மாட்டியிருந்தது. பட்டுத் தலைப்பாகை கட்டி, கையில் கேடயத்தோடு ராதாகிருஷ்ணன் நின்றார். வியாபாரிகள் சங்கம் கௌரவித்தபோது எடுத்தது.

"இதே போட்டோதான் வெப்சைட்டுலயும் முதல்ல வரும்" என்றார் பெருமையாக. "இந்தப் பொண்ணு சின்னதாக்குறேன்னு எத்தனையோ தடவ கேட்டுச்சு. ஸ்டுடியோவுல எடுத்த மேனிக்கே, ஒரு நூல் கொறையாம இருக்கணும்னுட்டேன்."

"மூணு வருஷத்துல கூட்டம் கொறைஞ்சதே இல்லையா?" என்று ராமக்காள் கேட்டாள்.

"மாசத்துல ஒரு சனிக்கிழமை மட்டும் படுத்துரும். நூறுகூடத் தேறாது. ஃபாரின்ல அன்னைக்கு ஏதோ விரதம்போல."

"கடைசியா அந்த விரதம் எப்ப வந்துச்சு?"

"இந்தப் பொண்ணு கைய வைக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"சரி, கூட்டம் ரொம்பக் கூடுன நாள்?"

ராதாகிருஷ்ணனின் முகம் மலர்ந்தது. "மே மாசம் ஒரு நாள் ஆறாயிரம்! காலையில பத்து மணிக்கே பிச்சுக்கிருச்சு. போன வருஷமும் அதே மே மாசம். அங்கெல்லாம் அப்பத்தான் வெயில் ஆரம்பிக்கும்ல, காட்டன் சேலைக்கு அலைவாங்க."

ராமக்காள் எழுந்தாள். "நாலு மணிக்குள்ள வந்துர்றேன். புகார் பையிலயே இருக்கட்டும்."

படியிறங்கும்போது கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள். ராதாகிருஷ்ணனின் மனைவி சாரதாம்பாள். "பொண்ணு நல்ல பொண்ணும்மா" என்றாள் மெதுவாக. அவ்வளவுதான். மறுபடி சில்லறையில் குனிந்துகொண்டாள்.

மருதுவின் டிவிஎஸ் ஃபிப்டி இரண்டு பேரைச் சுமப்பதற்குச் செய்யப்பட்டதல்ல. அது ராமக்காளுக்கும் தெரியும், வண்டிக்கும் தெரியும்.

"எதுத்த கடைக்குத்தானக்கா? நடந்தே போயிருக்கலாமே."

"அவனியாபுரத்துக்கு விடு."

"அவனியாபுரமா! சேலை தேடுறவுக கனடாவுல இருக்காக, நம்ம ஜல்லிக்கட்டுக் காளை தேடிப் போறோமா?"

"போன மாசக் கடைசிச் சனிக்கிழமை எங்க தங்கச்சி ஊறப்போட்ட அரிசியக் குண்டானோட தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தா."

மருது கொஞ்ச தூரம் யோசித்தபடியே ஓட்டினான். தெற்குவாசல் பாலம் ஏறும்போது வண்டி இருமியது. "அக்கா, உங்களுக்கு ஒண்ணுமில்லையே? நான் கேஸப் பத்திக் கேக்குறேன், நீங்க மாவாட்டுற கதையச் சொல்றீக."

"எங்க தங்கச்சி வீடு எங்க இருக்கு?"

"அவனியாபுரத்துல."

"மாசத்துல ஒரு சனிக்கிழமை பராமரிப்புன்னு அங்க கரண்ட நிறுத்திருவாக. காலையில போனா சாயங்காலம்தான் வரும். மாசாமாசம் அன்னைக்கு அவ என் கிரைண்டர்லதான் ஆட்டுவா. உளுந்தம்மாவுல பாதி எனக்குக் குடுக்கணும்கிற ஞாபகமே அவளுக்கு வராது, அது வேற விஷயம்."

மருது பிரேக்கைப் பிடித்தான். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் அவனுடைய பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனான்.

"அதாவது, அவனியாபுரத்துல கரண்டு போனா, லண்டன்காரிக்குச் சேலை பாக்கத் தோணாது!"

"அதேதான். இப்ப நீ சொல்லு. மே மாசம், காலையில பத்து மணி. என்ன வரும்?"

"ப்ளஸ் டூ ரிசல்ட்டு." மருதுவின் குரல் இறங்கிவிட்டது. "அந்த நாளை மட்டும் ஞாபகப்படுத்தாதீகக்கா. எங்கய்யா இன்னும் அதுல இருந்து வெளிய வரல."

"ரிசல்ட்டு பாக்கப் பயலுக எங்க போவாய்ங்க?"

"பிரவுசிங் சென்டருக்கு" என்றான் மருது. வண்டி வில்லாபுரத்தைத் தாண்டி வேகமெடுத்தது.

அவனியாபுரத்தில் பிரவுசிங் சென்டர் என்று கேட்டதும் எல்லாரும் கை காட்டியது யூனுஸ் பிரவுசிங் சென்டரைத்தான். ஒரு லேத் பட்டறைக்கு மேலே, தகரப் படியேறினால் வந்துவிடும். பிளைவுட் தடுப்புக்குள் ஒரு டஜன் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பையன், சிலவற்றின் முன்னால் இரண்டு. கீழே இரும்பு அறுபட, மேலே எல்லார் பல்லும் கூசிக்கொண்டிருந்தது. பிராட்பேண்ட் வந்துவிட்டதாக வாசலில் போர்டு இருந்தது. போர்டு வரைக்கும் வந்திருந்தது.

ராமக்காள் ஒரு பையனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். அவன் திரையில் இருந்த நீல 'e' எழுத்தை இரண்டு தட்டு தட்டினான். வெள்ளைப் பக்கம் திறந்தது. உச்சியில் 'மயூரா சுங்குடி மாளிகை' என்று வந்தது. அதன் கீழே ஒரு பட்டுத் தலைப்பாகை, அங்குலம் அங்குலமாக, மேலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தது. தலைப்பாகை முடிந்து, திருமண் எட்டிப் பார்த்து, புருவத்தின் நுனி தெரிந்த நேரம், பையன் பொறுமையிழந்து வேறு முகவரியைத் தட்டிவிட்டான். ராதாகிருஷ்ணன் புருவத்தோடு மறைந்தார்.

அடுத்த தடுப்பிலும் அதேதான். அங்கே இருந்தவன் புருவம்வரைகூட விடவில்லை.

"தம்பி, அந்தப் படத்துல இருக்கிறது யாரு?" என்று மருது கேட்டான்.

"எந்தப் படம்ணே? அந்தத் தலைப்பாக்கட்டா? ஏதோ பிரியாணிக் கடை விளம்பரம்ணே."

கல்லா மேஜையிலிருந்து யூனுஸ் எழுந்து வந்தார். நாற்பது வயது, தொப்பி, சிரித்த முகம். "வாங்கக்கா, என்ன பாக்கணும்? ரயில் டிக்கெட்டா?"

"ஏன் தம்பி, எல்லா மிஷின்லயும் இந்தச் சேலைக்கடைதான் முதல்ல வருது?"

யூனுஸ் பயபக்தியோடு சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு திறப்பு விழாப் படம். ரிப்பனுக்கு முன்னால் கத்தரிக்கோலோடு நின்றது வேறு யாருமில்லை, ராதாகிருஷ்ணன்தான்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி இவுகதான் வந்து போணி பண்ணுனாக. கைராசிக்காரவுகன்னு எங்க மச்சான் கூட்டிக்கிட்டு வந்தாரு. உக்காருங்க, உங்க கையால ஒரு பக்கம் தொறங்கன்னேன். அவுகளுக்குத் தெரிஞ்ச ஒரே அட்ரஸ் அவுக கடை அட்ரஸ்தான், அதத் தட்டுனாக. அன்னைக்கு ஏறுன யாவாரம்க்கா, இன்னைக்கு வரைக்கும் இறங்கல. இப்ப வில்லாபுரம் ரோட்டுல ஒண்ணு, பஸ் ஸ்டாப்புல ஒண்ணுன்னு மூணு சென்டர். மூணுலயும் அவுக போணி பண்ணுன பக்கந்தான் முதல்ல தொறக்கிற மாதிரி வச்சிருக்கேன்."

"நாளுக்கு எத்தன தடவ தொறக்கும்?"

"அதை யாரு எண்ணுனா? ஆளுக்கு நாலஞ்சு தடவையாவது தொறந்து மூடுவாய்ங்க. முந்தி உச்சியில ஒரு நம்பர் ஓடும், அத வேணா பாத்துச் சொல்லியிருக்கலாம். ஒரு வாரமாக் காணோம்."

"ஒரு தடவ முழுசா வந்துட்டா, படம் மிஷின்லயே தங்கிரும்ல? அப்புறம் சட்டுனு வரணுமே" என்றான் மருது.

யூனுஸ் குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொரு ஆள் எந்திரிச்சதும் அவன் பாத்தது பூராவையும் துடைச்சு விட்டுருவேன் தம்பி. இந்தப் பயலுக என்னத்தப் பாக்குறாய்ங்கன்னு அவனவன் அத்தாவுக்குத் தெரிஞ்சா கடைய ஒடைச்சுருவாரு. அதனால தலைப்பாக்கட்டு எப்பவும் மொதல்ல இருந்துதான் வரும்."

ராமக்காள் வாசலுக்கு வந்து ஆஷிகாவுக்குப் போன் போட்டாள். "பழைய மீட்டர் உச்சியில இருந்துச்சுல்ல? புதுக் கணக்கு பக்கத்துல எங்க இருக்கு?"

"அடியிலக்கா. எல்லாத்துக்கும் கீழ வைக்கணும்னுதான் அந்த அனலிடிக்ஸ்காரவுக விதி."

"மொதலாளி போட்டோவுக்கும் கீழ?"

"ஆமாக்கா. போட்டோ முழுக்க இறங்குனதுக்கு அப்புறந்தான் ஆள் வந்ததாவே அது எடுத்துக்கிடும்." ஆஷிகா சட்டென்று நிறுத்தினாள். "யா அல்லா. அக்கா..."

"அழாத. கடையில எல்லாரும் இருக்கச் சொல்லு. வாரோம்."

கிளம்பும் முன் ராமக்காள் யூனுஸிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தாள், அந்தப் பக்கத்தை மாற்றிவிட முடியாதா என்று. யூனுஸ் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "பக்கத்துத் தெருவுல ஒருத்தன் இதே மாதிரி வச்சிருந்துட்டு மாத்துனான்க்கா. ஒரே மாசத்துல ஷட்டர் இறங்கிருச்சு. வந்த ராசியில, பரக்கத்துல கை வைக்கச் சொல்லாதீக."

நாலு மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது. ராதாகிருஷ்ணன் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடை நடுவில் தயாராக நின்றார்.

"திருடனப் பிடிச்சாச்சு" என்றாள் ராமக்காள்.

"எதுத்த கடைதான?"

"இல்ல. அவனியாபுரம்."

சேலை மடிக்கிறவர்கள், பில் போடுகிறவர்கள், கல்லாவில் சாரதாம்பாள், தூணோரம் ஆஷிகா எல்லாரும் கேட்க ராமக்காள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கிரைண்டரில் ஆரம்பித்து, ரிசல்ட்டுக்குப் போய், ரிப்பன் வெட்டிய படத்தில் முடித்தாள். நடுவே மருது, தலைப்பாகை எப்படி இறங்கியது, எந்த இடத்தில் நின்றது என்பதைக் கையாலேயே நடித்துக் காட்டினான். மூன்று வருஷமாக அவனியாபுரத்தில் ஒருவர்கூட முதலாளியின் மூக்கைப் பார்த்ததில்லை என்று சொன்னபோது பில் போடுகிறவர் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

"ஆயிரம் பேரும் சேலை பாக்க வந்தவுக இல்ல. வாசல் வழியா வேற எங்கயோ போனவுக. வாசலத் தொறந்து விட்டது உங்க கை. பழைய மீட்டர் வாசல்ல இருந்துச்சு, எண்ணுச்சு. புதுசு உள்ள இருக்கு, உள்ள வந்தவுகள மட்டும் எண்ணுது. ஆஷிகா யாரையும் திருப்பல. திருப்புறதுக்கு அங்க ஆளே இல்ல."

ராதாகிருஷ்ணன் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். இப்போது பாவம் அவர் நிலைமை. ஆஷிகா திருடி என்றால் அவர் உலகமே தேடி வருகிற வியாபாரி. ஆஷிகா நல்லவள் என்றால், தேடி வந்தது நாற்பத்தொரு பேர்தான். பையிலிருந்த புகார் அவருடைய மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைக் கிழிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

"இருந்தாலும்..." என்று அவர் ஆரம்பித்தார். "ஒருவேளை அவனியாபுரத்தையும் இவளே..."

சாரதாம்பாள் கல்லாவை விட்டு எழுந்தாள். வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் நான்கு வாக்கியம் பேசினாள். மருதுவுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் அந்தப் பக்கம் நிற்க வேண்டாம் என்று மட்டும் புரிந்து ஒதுங்கிக்கொண்டான். பிறகு அவள் எல்லாருக்கும் கேட்கும்படி தமிழுக்கு வந்தாள்.

"நாப்பத்தொரு பேரு கடை ஏறி வந்து, ஆறு நிமிஷம் உக்காந்து, ஒவ்வொரு சேலையாப் பிரிச்சுப் பாத்தா நம்ம அன்னைக்கு என்ன சொல்லுவோம்? தீபாவளின்னு சொல்லுவோம். நீங்க விளக்குத்தூணச் சுத்திப் போற கூட்டத்தையெல்லாம் எண்ணிப் பலகையில எழுதிட்டு, அது கொறைஞ்சிருச்சுன்னு வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கிறவளத் திருடிங்கிறீங்க. எல்லார் முன்னாலயும்தான சொன்னீங்க? எல்லார் முன்னாலயும் கேளுங்க."

ராதாகிருஷ்ணன் கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு, 'தப்பா நினைச்சுட்டேம்மா' என்று ஒரு தடவையும், சாரதாம்பாள் தொண்டையைச் செருமிய பிறகு 'மன்னிச்சுக்க' என்று ஒரு தடவையும் சொன்னார். புகாரைச் சாரதாம்பாள்தான் பையிலிருந்து எடுத்துக் கிழித்தாள்.

ஆஷிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி சார். ஒண்ணே ஒண்ணு மட்டும்."

"என்னம்மா?"

"அந்தப் போட்டோவ எடுத்துர்றேன்."

மன்னிப்புக் கேட்கும்போதுகூட அந்த முகம் அப்படி வாடவில்லை. ராதாகிருஷ்ணன் மாடிப்படியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தலையாட்டினார்.

மூன்றாம் நாள் காலை மேலமாசி வீதி அலுவலகத்தில் போன் அடித்தது. மருது எடுத்தான். கேட்கக் கேட்க அவன் கண் விரிந்தது. ஸ்பீக்கரைப் போட்டான்.

"...ஆயிரத்து நூத்திச் சொச்சம்!" ராதாகிருஷ்ணனின் குரல் கும்மாளமிட்டது. "நேத்துல இருந்து அம்புட்டுப் பேரும் திரும்பி வந்துட்டாங்க. அந்தப் புது அனலிடிக்ஸே காட்டுது! பொண்ணு பயந்துபோய்த் திருப்பிக் கொண்டாந்து விட்டுருச்சுன்னு சொல்லுங்க மேடத்துகிட்ட. நான் அன்னைக்கே சொன்னேன்ல, இவதான்னு? பரவாயில்ல, சின்னப் பொண்ணு. நான் பெரிய மனசு பண்ணி மன்னிச்சுட்டேன். கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

போனை வைத்த மருது எதிரே பார்த்தான். அங்கே ராமக்காளுக்கு முன்னால் ஆஷிகாவே உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரமாக அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போட்டோ போனதும் பக்கம் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வந்துருதுக்கா. அவனியாபுரத்துப் பயலுக வேற எதையும் தட்டுறதுக்குள்ள அடியில கணக்கு விழுந்துருது. ரெண்டு செகண்டுகூட நிக்காதவுக இம்புட்டுப் பேருன்னு பக்கத்துலயே காட்டுது. மொதலாளி அதப் பாக்கவே மாட்டேங்கிறாக. சாக்பீஸ எடுத்துட்டாக."

"நம்ம கண்டுபிடிச்சதெல்லாம் போச்சா?" என்றான் மருது.

"இதக் கேளுங்க. இப்ப எதுத்த கடை மொதலாளி ஆளனுப்பியிருக்காரு. ஆயிரம் பேரத் திருப்பவும் தெரியும், திருப்பிக் கொண்டுவரவும் தெரியும்னா நம்ம கடைக்கு வரச் சொல்லுங்கிறாரு. நான் அப்படி ஒண்ணும் செய்யலன்னு ஷாகிர்கிட்டச் சொல்லி விட்டேன். கைராசிக்காரங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு சம்பளத்தக் கூட்டிட்டாரு." அவள் சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. "திருடலன்னு தெரிஞ்ச எடத்துல என்னைய மன்னிக்கிறாக. திருடுனேன்னு நம்புற எடத்துல சம்பளம் கூடத் தாராக. நான் எங்கக்கா போறது?"

கிரைண்டரை வைத்து ஆயிரம் பேரைக் கண்டுபிடிக்க முடிந்த ராமக்காளுக்கு, ஒரே ஒரு மனிதரை நம்பவைக்க வழி தெரியவில்லை. அந்த நேரம் அவள் தன் மேலேயே எரிச்சல்பட்டாள்.

படியில் மெட்டிச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க வந்து நின்றது சாரதாம்பாள். கல்லாவை விட்டு அவள் பகலில் வெளியே வந்ததைக் கடைவீதியில் யாரும் பார்த்ததில்லை.

"இங்கதான் இருக்கியா? சிங்கப்பூர்க்காரம்மா கல்யாணத்துக்குச் சேலை கேட்டு எழுதியிருக்கா, கனடாவுல இருந்து கலர் கேட்டு எழுதியிருக்காங்க. பதில் போட ஆள் இல்லாம நான் அந்த மிஷின் முன்னாடி முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ வராம எங்க போன?"

"அம்மா, சார் என்னைய மன்னிச்சுட்டேன்னு எல்லார்கிட்டயும்..."

"அவரு மன்னிக்கட்டும், மன்னிக்காம இருக்கட்டும். கடை என் பேர்ல இருக்கு. எங்கப்பா எழுதி வச்சது. முப்பது வருஷமா அதை நான் வாயில எடுத்ததில்ல, இன்னைக்குக் காலையில எல்லார் முன்னாலயும் எடுத்துட்டேன். நீ களங்கமில்லாதவன்னும் சொல்லிட்டேன்." சாரதாம்பாள் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஆயிரம் பேரும் அவருக்கு இருக்கட்டும். பலகை இருக்கு, சாக்பீஸு இருக்கு, நாள் பூரா எழுதி அழிச்சுக்கிட்டிருக்கட்டும். நாப்பத்தொரு பேரும் எனக்கு வேணும். அதுக்கு நீ வேணும்."

ஆஷிகா விம்மி விம்மி அழுதாள். சாரதாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ராமக்காள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன் மறுபடி அடித்தது.

"ஆயிரத்து இருநூறு தாண்டிருச்சு!" என்றார் ராதாகிருஷ்ணன். "ஆமா, எங்க வீட்டம்மா கல்லாவுல இல்லையே, அங்கிட்டு வந்தாங்களா?"

மருது சாரதாம்பாளைப் பார்த்தான். அவள் ஆஷிகாவை எழுப்பிக்கொண்டு படி இறங்க ஆரம்பித்திருந்தாள்.

"வந்தாங்கண்ணே" என்றான். "அவுகளையும் சேத்துப் பலகையில எழுதிக்கங்க."